குளிராத ஏசியும் வெளிக்கிடாத வண்டியும்

1

கனடாவில் வெக்கை தாங்கவில்லை என்று எழுதினால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நாங்கள் இங்கே வந்திறங்கியது ஒரு யூலை மாதம். கனடா என்றால் பனி என்று கொழும்பில் எல்லாரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே நான், மனைவி மலர், கைக்குழந்தையாக இருந்த மகன் நிரோசன் மூவரும் கம்பளிச் சுவெட்டரும் தொப்பியுமாக ரொறன்ரோ விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தோம். வெயில் முகத்தில் அறைந்தது. மலருக்கு மயக்கம் வரப் பார்த்தது. ஏற்றிப்போக வந்த சொந்தக்காரர் எங்கள் கோலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த நாள் இந்த மாதக் கடைசியில் திரும்பவும் வந்தது. வருடா வருடம் அந்த நாள் நெருங்கும்போது எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. வீட்டின் முன் ஜன்னலில் நிற்பேன், பிறகு பின் ஜன்னலுக்குப் போவேன். ஏதோ ஒரு பேருந்தைத் தவறவிடப் போகிறவனுடைய பதற்றம் அது. எந்தப் பேருந்து என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இந்த முறை அந்த நாளிலேயே வெளிக்கிட்டு, கிழக்கே கடல் தெரியும்வரை ஓட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்தேன். அதற்காகத்தான் ஆர்.வி. வாங்கினேன்.

ஆர்.வி. என்றால் சின்னப் பேருந்து அளவில் ஒரு வண்டி. உள்ளே கட்டில், சமைக்கக் குசினி, குளியலறை எல்லாம் இருக்கும். கூரையில் ஏசி. எங்களுடையது பழையது. முன்பு வைத்திருந்தவர் வயதான வெள்ளைக்காரர். அவர் வீட்டில் வைத்து ஏசியைப் போட்டுக் காட்டியபோது பற்கள் கிட்டிக்கும்படி குளிர்ந்தது. எங்கள் வாசலுக்கு வந்த சில கிழமையில் அதே ஏசி வேலைக்குப் போக மனமில்லாத பிள்ளையைப்போல முனகத் தொடங்கிவிட்டது.

வண்டி வந்து நின்ற அன்று மலர் அதைச் சுற்றிப் பார்க்கவும் இல்லை. வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்.

“இடம்பெயர்ந்தது காணாதே அப்பா? இனி வீட்டையும் கொண்டு திரியப் போறியளோ?”

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பள்ளிக்கூட வகுப்பறை, வன்னியில் தெரிந்தவர் வீட்டுத் தாழ்வாரம், கொழும்பு லொட்ஜ் அறை, ஸ்காபரோவில் நிலத்துக்குக் கீழே பேஸ்மன்ற் என்று எத்தனை இடத்தில் அவள் அடுப்பு மூட்டியிருக்கிறாள். நான் விடவில்லை. தினமும் நச்சரித்தேன். கடைசியில் ஒருநாள், “உந்த வெக்கைக்குள்ளை என்னால இருக்கேலாது. அது குளிரட்டும், பாப்பம்,” என்றாள்.

அந்த ஒரு சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். ஏசி குளிர்ந்தால் மலர் வருவாள். குளிராவிட்டால் வரமாட்டாள். அவளை விட்டுவிட்டுத் தனியே கடல் பார்க்கப் போகும் துணிச்சல் எனக்கு இல்லை.

2

நாங்கள் இப்போது இருப்பது அஜக்ஸில். ஸ்காபரோ வீட்டை விற்று மகனோடு சேர்ந்து வாங்கிய பெரிய வீடு. நான் வாரத்தில் சில நாள் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து மிசிசாகாப் பக்கம் விமான நிலைய வேலைக்குப் போய்வருகிறேன். வந்திறங்கிய அதே விமான நிலையத்தில் மற்றவர்களுடைய பெட்டிகளை ஏற்றி இறக்கியே என் பாதி ஆயுள் போனது. நிரோசனும் அவன் மனைவி அபியும் கணினி வேலை. அபி இங்கேயே பிறந்த பிள்ளை. தமிழ் விளங்கும், பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். நல்ல பிள்ளை. இதைச் சும்மா எழுதவில்லை.

வீட்டின் குசினி முழுக்க வெள்ளை. சுவர் கிடையாது. குசினியில் நின்று தும்மினால் மேல்மாடிப் படுக்கையறையில் கேட்கும். நாங்கள் குடிபுகுந்த புதிதில் மலர் விளைமீன் பொரித்தாள். அன்று பின்னேரம் அபி ஒரு வனிலா மெழுகுதிரி கொளுத்தி வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, முகமும் கோணவில்லை. அடுத்த முறை மீன் பொரித்தபோதும் மெழுகுதிரி எரிந்தது. அதற்குப் பிறகு மலர் அந்தக் குசினியில் மீன் பொரிக்கவே இல்லை.

மணத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய காயம் உண்டு. நிரோசன் சின்ன வகுப்பில் படித்த காலம், ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து குளிர்கால ஜக்கெற்றைக் கழற்றித் தரையில் எறிந்தான். “இதை இனிப் போடமாட்டன்,” என்றான். யாரோ ஒரு பிள்ளை மூக்கைப் பொத்திக் காட்டியிருக்கிறது. பேஸ்மன்றில் ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே ஜக்கெற். மலர் அன்றிரவு அந்த ஜக்கெற்றைத் தோய்த்துத் தோய்த்து அழுதாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஜக்கெற் எல்லாம் பொலித்தீன் பைக்குள்தான் தொங்கும். இங்கே பல தமிழ் வீடுகளில் கராஜுக்குள் இரண்டாவது அடுப்பு வைத்திருப்பதும் இதனால்தான். எங்கள் கராஜில் மகனுடைய உடற்பயிற்சி இயந்திரங்கள் நிற்கின்றன.

ஆனால் பொரித்த மீன் எனக்குக் குறைந்ததில்லை. வேலையால் வந்தால் சாப்பாட்டுக் கோப்பையில் இருக்கும். “கடையில வாங்கினது,” என்பாள் மலர். அண்மைக் காலமாக அந்தக் கடைக்காரனுக்குக் கை நன்றாகத் தேறியிருந்தது. முந்தி உப்புக் கூடிப்போய்க் கிடக்கும். இப்போது மஞ்சளும் மிளகும் அளந்து போட்டதுபோல இருந்தது. நான் ஒருநாள் வாய்விட்டே சொன்னேன்.

“அவன் கடைசியா நல்லதொரு சமையல்காரியைப் பிடிச்சிட்டான் போல கிடக்கு.”

“ஓமோ?” என்றுவிட்டு மலர் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

3

ஏசி வைத்தியம் தொடங்கியது. எங்கள் ஆட்களுடைய வீட்டு வாசலில் ஒரு வாகனத்தின் மூடி திறந்திருந்தால் போதும், ஆலோசனை சொல்ல ஆள் வந்துவிடும். முதலில் வந்தவர் யோகன் அண்ணை. என்னோடு விமான நிலையத்தில் வேலை செய்தவர். தெரியாது என்ற சொல் அவருக்குத் தெரியாது.

“சிவம், உது வயர் பிரச்சினை. உந்தச் சின்ன வயரிலை ஏசிக்குக் கரண்ட் காணாது,” என்றார்.

அவர் சொன்னது சரி. நான் வண்டிக்குக் கராஜிலிருந்து மின்சாரம் கொடுத்தது, நத்தார்ப் பண்டிகை விளக்குக்கு இழுக்கும் மெல்லிய செம்மஞ்சள் வயரில். கை வைத்துப் பார்த்தால் வயர் சுட்டது. தடித்த வயர் வாங்கி மாட்டினேன். ஏசியின் முனகல் குறைந்தது. குளிர் மட்டும் வரவில்லை.

அடுத்தது கூரை. ஏணி வைத்து ஏறி ஏசியின் மூடியைக் கழற்றினோம். வெக்கையை வெளியே தள்ளுகிற தகட்டு மடிப்புகளுக்குள் பஞ்சும் தூசியும் அடைந்து கம்பளிபோலக் கிடந்தது. மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினோம். யோகன் அண்ணை மேலே நின்று கட்டளையிட, நான் முழங்கால் சுடச் சுட ஊர்ந்தேன். கழுவி முடித்துப் போட்டால் முதலில் கொஞ்சம் குளிர்ந்தது. எனக்குச் சந்தோசம் பொங்கியது. “மலர், வந்து பாரும்!” என்று கத்தினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் காற்று செத்துப்போனது. அவள் வாசலில் நின்று ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.

“பிறகு பாப்பம்,” என்று திரும்பிவிட்டாள். அவள் ஏன் முகர்ந்தாள் என்று நான் யோசிக்கவில்லை.

ஏசியை நிறுத்திச் சற்று நேரத்தில் உட்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ரோர்ச் அடித்துப் பார்த்தால் காற்று வரும் துவாரத்தின் உள்ளே வெள்ளையாகப் பனிக்கட்டி. நாற்பது பாகை போல உணரும் வெயிலில், குளிராத ஏசிக்குள் பனிக்கட்டி! யோகன் அண்ணை தலையை ஆட்டினார்.

“காஸ் முடிஞ்சுது. இனி உதைக் கழட்டி எறிஞ்சிட்டுப் புதிசு போடுறதுதான்.”

நான் அவரை அனுப்பிவிட்டு, தயாரித்த நிறுவனத்தின் உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். நெடுநேரம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் வந்தாள். எங்கள் வழக்கப்படி “கரண்ட் வருது, காத்து வாறேல்லை” என்பதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொன்னேன். அவள் அதை இரண்டு தரம் திருப்பிக் கேட்டுவிட்டு, ஒன்றொன்றாக விளங்கப்படுத்தினாள். இந்த வகை ஏசியில் காஸ் நிரப்ப வழியில்லை, அடைத்து மூடியது. வெளியில் எவ்வளவு வெக்கையோ அதற்கேற்பத்தான் உள்ளே குளிரும். நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை மறைக்க வேண்டும். பனிக்கட்டி பிடிக்கிறது என்றால் முதலில் பார்க்கவேண்டியது, அறைக் காற்றை ஏசி திரும்ப உள்ளே இழுக்கும் வழி.

“உட்கூரையில் உள்ள வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தீர்களா?” என்று கேட்டாள்.

வடிகட்டி எனக்குக் கீழிருந்தே தெரிந்தது. வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது. ஆகவே கழற்றாமலே ஓம் என்று சொல்லிவிட்டேன். மருத்துவரிடம் தினமும் நடக்கிறேன் என்று சொல்வதும் இந்த வாய்தான்.

4

இதற்கிடையில் அயலில் யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்கள். நகரசபையிலிருந்து ஓர் அலுவலர் வந்தார். மரியாதையான மனிதர். இவ்வளவு பெரிய வண்டியை வீட்டு வாசலில் தொடர்ந்து நிறுத்தி வைக்க முடியாதாம். அதற்குள் யாராவது குடியிருக்கிறார்களா என்றும் கேட்டார். “நோ லிவிங் சேர், ஸ்ராண்டிங் ஒன்லி,” என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாத முடிவுக்குள் எடுத்துவிடச் சொன்னார். இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் ஓர் அலுவலர் அட்டை காட்டினால் என் ஆங்கிலம் வேலியால் பாய்ந்து ஓடிவிடுகிறது.

அன்று சாப்பாட்டு மேசையில் நிரோசன் கதையைத் தொடங்கினான்.

“அப்பா, ஜஸ்ட் செல் இற். ஏசியும் இல்லை. அம்மாவுக்கும் விருப்பமில்லை. யூ ஆர் நொட் ஈவன் யூசிங் இற்.”

“ஏசி திருந்தினால் அம்மா வருவா,” என்றேன்.

“அம்மா, ஆர் யூ?”

மலர் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். “வண்டி நிண்டால் ஆருக்கு என்ன? அது தன்ரை பாட்டிலை நிக்குது,” என்றாள்.

நிற்கவும் முடியாது, விற்கவும் கூடாது, போகவும் விருப்பமில்லை. எனக்குக் கோபம் வந்தது. “நாளைக்கு வேலையால வந்து உட்கூரை முழுக்கக் கழட்டிப் பாக்கப் போறன்,” என்றேன்.

மலர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “உதை ஏன் கழட்டுறியள்? கழட்டினால் திரும்பப் பூட்டத் தெரியுமே உங்களுக்கு?”

எனக்கு மனம் விட்டுப்போயிற்று. அவளுக்கு என்னோடு வர விருப்பமே இல்லை, ஏசி ஒரு சாட்டு என்று நினைத்துக்கொண்டேன். சுவெட்டரோடு என் கையைப் பிடித்து வந்தவள் இனி என் பின்னால் எங்கேயும் வரமாட்டாள் என்று பட்டது. 

5

அடுத்த நாள் வேலையில் நிற்க முடியவில்லை. மேலாளரிடம் சொல்லிவிட்டு மதியமே புறப்பட்டேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்குள் போகாமல் கருவிப் பெட்டியோடு நேரே வண்டிக்குப் போனேன். ஜன்னல்கள் எல்லாம் பூட்டி, திரைச்சீலை இழுத்து விட்டிருந்தது. வெயிலுக்காக நான்தான் மறைத்தேனோ என்று எண்ணிக் கதவை இழுத்தேன்.

அடுப்பைத் திறந்ததுபோல வெக்கை. கூடவே பொரிக்கும் மீனின் மணம். மலர் பழைய சட்டையோடு, முதுகு முழுக்க நனைந்து, பேஸ்மன்ற் காலத்து மின்னடுப்புக்கு முன்னால் நின்றாள். பக்கத்தில் வானொலி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. அவளும் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் எத்தனையோ வருடமாகக் கேட்டதில்லை.

என்னைக் கண்டதும் பாட்டு நின்றது. அவள் முதலில் சொன்னது இதுதான்:

“கதவைப் பூட்டுங்கோ அப்பா! மணம் வெளியிலை போகப்போகுது!”

நான் உள்ளே ஏறிக் கதவைப் பூட்டினேன். இருவரும் வியர்த்துக்கொண்டு நின்றோம். தட்டில் பொரித்த மீன். நான் மெச்சிய கடைக்காரனுடைய அதே மஞ்சள், அதே மிளகு. மூலையில் அபியினுடையதைப் போன்ற ஒரு வனிலா மெழுகுதிரி. வண்டிக்குள் எப்போதும் இருந்த அந்த வனிலா வாசத்தை முன்பு வைத்திருந்த வெள்ளைக்காரருடையது என்று நான் நினைத்திருந்தேன். பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். வடிகட்டியின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. கழற்றினேன். அதன் மேற்பக்கம் முழுக்க அலுமினியத் தாள், ஓரங்கள் மடித்து, இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தது. கீழிருந்து பார்த்தால் வடிகட்டி மட்டும்தான் தெரியும். அதையும் அவள் தவறாமல் கழுவி வைத்திருக்கிறாள்.

“இதென்ன மலர்?”

“ஏசிக்குள்ளை மணம் போய்ச் சுவறினால் பிறகு போகாது. அதுதான். ஒவ்வொரு முறையும் தாளைக் கழட்டி ஒட்ட ஏலாமல் அப்பிடியே விட்டிட்டன்.” குரல் தாழ்ந்தது. “உங்கடை ஏசி உதாலைதான் குளிரேல்லை எண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

எனக்குக் கொழும்பு லொட்ஜ் கண்ணுக்கு முன்னால் வந்தது. அறையில் சமைக்கத் தடை. பிடிபட்டால் வெளியே போக வேண்டும், வெளியே போனால் பொலிஸ். மலர் ஈரச் சேலையைக் கதவிடுக்கில் அடைத்துவிட்டு நிரோசனுக்குச் சோறு வடிப்பாள். பேஸ்மன்றிலும் மேல்வீட்டுக்கு மணம் போகாமல் சூட்டுக்காற்று வரும் துவாரத்துக்கு இதே தாளைத்தான் ஒட்டினாள். போன இடமெல்லாம் அவள் முதலில் தேடியது, மணம் போகும் ஓட்டைகளை. தானே வாங்கிய வீட்டின் வாசலில் நிற்கும் வண்டிக்குள்ளும் அதையே செய்திருக்கிறாள். பிரஷருக்குக் குளிசை போடுகிறவள், இந்த வெக்கையில், எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

“மயங்கி விழுந்திருந்தால் ஆர் கண்டிருப்பினம்? விசரே உமக்கு?”

“விழேல்லைத்தானே.”

“அப்ப வர விருப்பமில்லை எண்டது?”

அவள் அடுப்பை அணைத்தாள். மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

“விருப்பமில்லைத்தான். நீங்கள் இதை ஓட்டிக்கொண்டு போனால் எனக்குக் குசினி இல்லாமல் போயிடும். இது பழுதாகி இஞ்சையே நிக்கட்டும் எண்டு இருந்தன். நேர்த்தி வைக்காத குறை.”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“இனி நிக்க விடமாட்டாங்கள் மலர். மாத முடிவிலை எடுக்க வேணும்.”

“தெரியும்,” என்றாள். மீன் தட்டை மூடிவிட்டு, “இது போனால் நானும் இதோடைதான் வரவேணும்,” என்றாள்.

6

தாளைக் கழற்றி, பனிக்கட்டி கரையும்வரை விசிறியை மட்டும் ஓடவிட்டு, பிறகு ஏசியைப் போட்டேன். குளிர்ந்தது. யோகன் அண்ணை வந்து, கூரை கழுவினதாலைதான் என்று சொல்லிப் பெருமைப்பட்டார். நான் மறுக்கவில்லை. அலுமினியத் தாள் கதை எங்கள் இருவருக்குள்ளும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். இப்போது உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

வந்திறங்கிய அதே நாள் காலையில் வெளிக்கிட்டோம். நிரோசன் சில்லுகளின் காற்றை மூன்று தரம் பார்த்தான். அபி வாசலில் நின்றாள். மலர் மீன் பெட்டியை ஏற்றுவதைக் கண்டு, “மாமி, நீங்க ஏன் இப்ப வீட்டிலை மீன் பொரிக்கிறேல்லை?” என்று கேட்டாள்.

மலர் திகைத்துப்போய், “உங்கடை மெழுகுதிரி…” என்று இழுத்தாள்.

“அந்த வனிலா கண்டிலா? நீங்கதானே ஒருநாள் நல்ல வாசம் எண்டு சொன்னீங்க. ஐ வோஸ் லைற்றிங் இற் ஃபோர் யூ, மாமி.”

மலர் மரியாதைக்குச் சொன்ன ஒரு சொல். அபி உண்மையைத்தான் சொன்னாளா, சமாளித்தாளா, எனக்குத் தெரியாது. இரண்டும் அன்பினால்தான் என்று வைத்துக்கொள்ளலாம். மலர் அவளுடைய கன்னத்தைத் தடவிவிட்டு வண்டியில் ஏறினாள்.

அன்று பின்னேரம் கிங்ஸ்ரன் தாண்டி இப்படியான வண்டிகள் தங்கும் ஆற்றோர முகாம் ஒன்றில் நிறுத்தினோம். சுற்றிவரப் பத்துப் பதினைந்து வண்டிகள். வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் ஏசியைப் போட்டேன். வண்டி பிரிட்ஜ் மாதிரிக் குளிர்ந்தது. அபி இறைச்சி வேகுதா என்று பார்க்கும் வெப்பமானியை இரவல் வாங்கி வந்திருந்தேன். அதைக் காற்றுக்கு நேரே பிடித்து மலருக்குக் காட்டினேன். இத்தனை நாளும் இதற்காகத்தானே கூரையில் ஊர்ந்தேன்.

“நல்லாக் குளிருது,” என்றாள் மலர். “இனி நிப்பாட்டுங்கோ.”

“ஏன்?”

அவள் எழும்பி ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். உட்கூரையில் காற்றுப் போக இருந்த சின்னக் கூண்டையும் கைப்பிடியைச் சுற்றித் திறந்தாள். வெக்கை உள்ளே வந்தது. எண்ணெய் கொதித்தது. மீனைப் போட்டாள். மணம் எழும்பி, ஜன்னல்களால் வெளியே போய், வண்டிகளுக்கு நடுவே பரவியது. எனக்குப் பழைய பயம் பிடித்தது. எட்டிப் பார்த்தேன். ஒருவர் கதிரையில் படுத்துக் கிடந்தார். ஒரு பெண் நாய்க்குத் தண்ணீர் வைத்தாள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மலரும் அகப்பையோடு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்னப்பா, ஒருத்தருக்கும் மணக்கேல்லையோ?” என்று கேட்டுவிட்டு, போய்க் கதவையும் அகலத் திறந்து விட்டாள்.